ஜிஏடி பரிசோதனையா, சி-பெப்டைடா?

ஒல்லியான உடல், 30களில் வயது, மாத்திரைக்கு அடங்காமல் ஏறி இறங்கும் சர்க்கரை: இப்படிப்பட்டவருக்கும் யோசிக்காமல் ‘டைப் 2’ சர்க்கரை நோய் என்று முத்திரை குத்துவது கவலை தருகிறது. எந்த வகை என்று பிரித்தறிய உதவும் இந்த இரண்டு இரத்தப் பரிசோதனைகளில் எதை முதலில் எடுப்பது?

ஜிஏடி ஆன்டிபாடி, இன்சுலின் சுரக்கும் செல்களை நோய் எதிர்ப்பு மண்டலமே தாக்குகிறதா என்று காட்டும். பாசிட்டிவ் என்றால், அப்படித் தாக்குவதால் வரும் டைப் 1 என்ற சந்தேகம் வலுக்கும். நெகட்டிவ் என்பதாலேயே அது இல்லையென்று ஆகாது.

சி-பெப்டைடு காரணத்தைச் சொல்லாது. உடல் இன்னும் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்பதையே சொல்லும். சர்க்கரை மிக உயர்ந்திருக்கும் நாட்களில் எடுத்தால் உண்மையைவிடக் குறைவாகத் தெரியலாம். சிறுநீரகம் பழுதானால் கூடுதலாகத் தெரியும்.

முதலில் ஜிஏடி என்பேன். அது நெகட்டிவ், சி-பெப்டைடும் குறைவு என்றால் வயிற்று ஸ்கேனையும் மருத்துவரிடம் கேளுங்கள். கணையக் கல்லால் வரும் சர்க்கரை நோய் தென்னிந்தியாவுக்குப் புதிதல்ல.