ரத்தப் புற்றுநோய் சிகிச்சைக்கு நடுவே வீட்டுப் படிப்பு: எங்கள் அனுபவம்

2022-இல், இரண்டாம் வகுப்பு படிக்கும்போது என் மகளுக்கு ஏ.எல்.எல். என்ற வகை ரத்தப் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது இதுதான். நல்ல சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலான பிள்ளைகள் குணமாகிவிடுகிறார்கள். ஆனால் சிகிச்சை இரண்டு வருடத்துக்கு மேல் நீளும். நான்காம் வகுப்பில்தான் அவள் பள்ளிக்குத் திரும்பினாள். அதுவரை வீட்டிலும் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் எப்படிப் படித்தாள் என்பதை, இப்போது அதே நிலையில் இருக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

டி.சி. வாங்கிவிடலாமே என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். நாங்கள் வாங்கவில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்க முடியாது. பெயர் பதிவேட்டில் இருந்ததால் பருவத்துக்குப் பருவம் புத்தகம் வந்தது. அதைவிட முக்கியம், "நான் அந்தக் கிளாஸ் பொண்ணு" என்று அவளால் சொல்ல முடிந்தது.

நேர அட்டவணை எங்களுக்குச் சரிப்படவில்லை. மருந்து என்ன சொல்கிறதோ அதுதான் அட்டவணை. ஸ்டீராய்டு கொடுக்கும் வாரங்களில் ஓயாத பசி, காரணமில்லாத கோபம், அழுகை. அப்போது பாடமே கிடையாது. கதை வாசித்துக் காட்டுவேன், அவ்வளவுதான். நியூட்ரோஃபில் (தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணு) எண்ணிக்கை 500-க்குக் கீழே இறங்கினால் தொற்று ஆபத்து மிக அதிகம் என்பதால் வெளியாள் யாரையும் வீட்டுக்குள் விடமாட்டோம். அப்போது டியூஷன் அக்கா போனில்தான். உடம்பு தெளிவாக இருக்கும் நாட்களில் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் தாண்டியது அபூர்வம். தொடக்கப்பள்ளிப் பாடத்துக்கு அது போதும் என்பதை இப்போது தயங்காமல் சொல்வேன். ஒரே பிள்ளைக்குச் சொல்லித் தரும்போது காத்திருக்கும் நேரமே இல்லை.

எழுதுவதுதான் பெரிய சிக்கல். வின்கிறிஸ்டின் என்ற மருந்து நரம்புகளைப் பாதிக்கும். விரலில் பிடிமானம் குறையும். பென்சில் கையிலிருந்து நழுவும், சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாது. இதைச் சோம்பல் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நாங்கள் தடிமனான முக்கோணப் பென்சிலுக்கு மாறினோம். கணக்கை வாயால் சொல்லச் சொல்லி நான் எழுதினேன். எழுத்துகளைத் தாம்பாளத்தில் பரப்பிய அரிசியில் விரலால் எழுதினாள். ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகும்போது ஊசிக் குழாயை இடது கையில் போடும்படி நர்ஸிடம் கேட்பேன். முடிந்தபோதெல்லாம் அப்படியே செய்தார்கள். வலது கை சும்மா இருந்தால் படமாவது வரைவாள்.

எங்களுக்கு மிகவும் கைகொடுத்தது, தொடக்க வகுப்புகளுக்கான தமிழக அரசுத் திட்டமான 'எண்ணும் எழுத்தும்' பயிற்சி நூல்தான். அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாக இருப்பதால், விட்ட இடத்தைத் தேடிப் பிடிப்பது எளிது. மூன்றாம் வகுப்புக்குப் போன பிறகும் கணக்கில் மொட்டு, தமிழில் மலர் என்றுதான் ஓடியது. பருவவாரியாகப் பிரித்திருப்பதால் ஆஸ்பத்திரிப் பையிலும் கனமில்லை. கல்வித் தொலைக்காட்சி, குறித்த நேரத்தில் உட்கார வேண்டியிருந்ததால் ஒத்துவரவில்லை. அதே பாடங்களை யூடியூபில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோது பிடித்தது. பாடப்புத்தகத்தில் இருக்கும் க்யூஆர் கோடுகள் வழியாக வரும் வீடியோக்கள் நன்றாக இருந்தன, ஆனால் வார்டுக்குள் சிக்னல் கிடைக்காது. அதனால் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வேன். தமிழ்க் கதைகளுக்கு ஸ்டோரிவீவர் தளம்; இலவசம், நிலைவாரியாகப் பிரித்தும் இருக்கிறது. வாசிப்பில் அவள் பின்தங்காததற்கு அதுதான் காரணம்.

வகுப்பு டீச்சரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வாரம் ஒருமுறையாவது வீடியோ கால் போட்டு, போனைக் கரும்பலகைப் பக்கம் திருப்பி வைப்பார். பாடம் பாதிதான் காதில் விழும். பிள்ளைகள் கையசைப்பார்கள், ஒருத்தி புது ரிப்பனைக் காட்டுவாள். தலைமுடி கொட்டிய பிறகு முதலில் கேமரா முன் வர மறுத்தவள், அவர்கள் கூப்பிடக் கூப்பிட வந்துவிட்டாள். இதை எந்தச் செயலியும் தராது.

ஒரு குறை மனதில் இருக்கிறது. கடுமையான மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்கும் உரிமை, கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்திலேயே வந்துவிட்டது. தமிழ்நாட்டில் அவர்களுக்காக வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். அருமையான ஏற்பாடு. ஆனால் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 மாற்றுத்திறன் வகைகளில் தலசீமியா, ஹீமோஃபிலியா போன்ற ரத்த நோய்கள் உண்டு, ரத்தப் புற்றுநோய் இல்லை. இரண்டு வருடம் வகுப்புக்குப் போக முடியாத பிள்ளைக்கு அந்தப் பயிற்றுநர் வரக்கூடாதா? நீண்ட சிகிச்சையில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இதை விரிவாக்க வேண்டும்.

பிள்ளை பள்ளிக்குத் திரும்பிப் போகும்போது டாக்டரிடம் பள்ளிக்கென்று ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். வகுப்பில் யாருக்காவது அம்மையோ தட்டம்மையோ வந்தால் உடனே நமக்குச் சொல்ல வேண்டும், விளையாட்டில் கட்டாயப்படுத்தக் கூடாது, எழுதக் கூடுதல் நேரம் தர வேண்டும் என்று அதில் இருக்கட்டும். முதலில் மதியம் வரை மட்டும் அனுப்பினோம். வகுத்தலில் இன்னும் தடுமாறுகிறாள். அதற்கு மட்டும் மாலையில் அந்த டியூஷன் அக்கா வருகிறார்.