அடைப்பைக் கரைக்கும் சர்க்கரை என்று விற்கப்பட்ட ட்ரெஹலோஸ்: ஓர் எச்சரிக்கை

அடைத்த இதயக் குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்னும் வலைக்குழாயைச் சென்ற ஆண்டு பொருத்திக்கொண்ட, பத்தாண்டுகளாக நீரிழிவும் உள்ள என் தாயாருக்கு, காலை நடைப்பயிற்சியில் பழக்கமான ஒரு பெண்மணி ‘இரத்தக் குழாய் அடைப்பைக் கரைக்கும் சர்க்கரை’ என்று சொல்லி மூன்று டப்பா ட்ரெஹலோஸ் மாவை விற்றார். டப்பா ஒன்றுக்கு 3,450 ரூபாய். நாளொன்றுக்கு 20 கிராம் மாவை வெந்நீரில் கலந்து வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும் என்பது அவர் வகுத்துத் தந்த முறை. வெளியூரில் வேலை பார்க்கும் எனக்கு இரண்டு டப்பா தீர்ந்த பிறகே விவரம் தெரிந்தது.

நம்பவைத்தது வாய்ப்பேச்சு மட்டுமன்று. ஓர் ஆய்வின் செய்தி நகலையும் அவர் கொடுத்திருந்தார். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 2017இல் வெளியிட்ட அந்த ஆய்வு உண்மையானதுதான். குழாய்ச் சுவரில் படியும் கொழுப்பை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் கழிவை அகற்ற முடியாமல் திணறும்போது, ட்ரெஹலோஸ் அவற்றின் துப்புரவு வேலையை முடுக்கிவிடுகிறது என்றும், படிவம் சுமார் 30 சதவீதம் குறைந்தது என்றும் அவர்கள் கண்டார்கள். ஆனால் குறைந்தது எலிகளுக்கு. அதுவும் ஊசி வழியே செலுத்தியபோது. வாய்வழியாகக் கொடுத்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. ட்ரெஹலோஸ் என்பது இரண்டு குளுக்கோஸ் மூலக்கூறுகள் பிணைந்த சர்க்கரை. நம் சிறுகுடலிலுள்ள ட்ரெஹலேஸ் என்னும் நொதி அந்தப் பிணைப்பை வெட்டிவிடுகிறது. ஆகவே, காப்பிக்குக்கூடச் சர்க்கரை சேர்க்காமல் பத்தாண்டுகளைக் கடத்திய என் தாயார், நாள்தோறும் காசு கொடுத்துக் குடித்தது ஏறக்குறைய 20 கிராம் குளுக்கோஸ்.

இதைவிடப் பெரிய கேடு வேறொன்று. ‘குழாய் தானாகவே சுத்தமாகிவிடும், கொழுப்பு மாத்திரை இனி எதற்கு அக்கா?’ என்று அந்தப் பெண்மணி கேட்டதில், என் தாயார் கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்தியிருந்தார். பரிசோதித்தபோது, வெறும் வயிற்றுச் சர்க்கரை 116இலிருந்து 158 ஆகவும், கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். 64இலிருந்து 137 ஆகவும் ஏறியிருந்தன. ஸ்டென்ட் வைத்தவர் அந்த மாத்திரையைத் தாமாக நிறுத்தவே கூடாது என்று மருத்துவர் கடிந்துகொண்டார்.

டப்பாவிலுள்ள 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணைக் காட்டி ‘அரசே அங்கீகரித்தது’ என்றார்களாம். அந்த எண் உணவு வணிகத்துக்கான உரிமம் மட்டுமே. நோய் தீரும் என்பதற்குச் சான்றாகாது. அதே டப்பாவின் பின்புறம், மருத்துவப் பயன்பாட்டிற்கு அல்ல என்று பொடி எழுத்தில் அச்சாகியும் இருக்கிறது. இதய நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருத்துவச் சட்டம் தடை செய்கிறது. அதனால்தானோ என்னவோ, அச்சில் எதுவும் இல்லை. எல்லாம் பூங்கா பெஞ்சில் வாய்மொழியாகவே நடந்திருக்கிறது.

பணத்தைத் திரும்பக் கேட்டபோதுதான் இன்னொரு தந்திரம் வெளிப்பட்டது. தள்ளுபடிக்கு என்று சொல்லி ஆதார் நகல் வாங்கி, என் தாயாரை அந்த நிறுவனத்தின் விநியோகஸ்தராகவே பதிந்திருக்கிறார்கள், ரசீதும் அப்படியே. ‘நீங்கள் வாடிக்கையாளர் அல்லர், எங்கள் உறுப்பினர்’ என்று பதில் வந்தது. சீல் உடைக்காத மூன்றாவது டப்பாவையும் வாங்க மறுத்துவிட்டார்கள். டப்பாவின் இருபுறப் படங்கள், ரசீது, இரண்டு ஆய்வக அறிக்கைகள் ஆகியவற்றுடன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அந்தப் பெண்மணி இப்போதும் அதே பூங்காவுக்கு வருகிறார். என் தாயார்தான் போவதை நிறுத்திவிட்டார்.