ஒற்றைக்கால் வீக்கத்துக்கு மசாஜ்: திருச்சியில் என் தாயாருக்கு நேர்ந்தது

‘முழு உடல் நலத்துக்கான தொடு சிகிச்சை’ என்று விளம்பரம் செய்துகொண்டு திருச்சியில் இயங்கும் ஒரு மையத்தில் என் தாயாருக்கு நேர்ந்ததை, கைகால் வலிக்காக வீட்டுப் பெரியவர்களை இத்தகைய இடங்களுக்கு அழைத்துச் செல்ல எண்ணுபவர்கள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். நுகர்வோர் ஆணையத்தில் எங்கள் புகார் நிலுவையில் இருப்பதால் மையத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

அம்மாவுக்கு வயது 64. கணுக்கால் எலும்பு முறிந்து, மாவுக்கட்டுடன் பல வாரங்கள் படுக்கையிலேயே இருந்தார். கட்டைப் பிரித்த சில நாட்களில் இடக்கால் மட்டும் முழங்காலுக்குக் கீழே வீங்கியது; ஆடுதசையைத் தொட்டால் சூடாக இருந்தது, லேசாக அழுத்தினாலே வலித்தது. நான் வெளியூரில் வேலையில் இருந்த நேரம் அது. தோள்வலிக்கு அந்த மையத்தில் மசாஜ் செய்துகொண்டு நிம்மதியாகத் தூங்கிய அனுபவம் சித்திக்கு இருந்ததால், நல்லெண்ணத்தோடு அம்மாவை அங்கே அழைத்துச் சென்றார்.

அங்கே நிரப்பச் சொன்ன படிவத்தைப் பின்னர் நானே பார்த்தேன். பெயர், வயது, கைபேசி எண், ‘எங்களைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்’ என்ற கேள்வி, இவ்வளவுதான். என்ன நோய் இருக்கிறது, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், அண்மையில் அறுவை சிகிச்சையோ எலும்பு முறிவோ உண்டா என்று ஒரு வரி கூட இல்லை. ஆனால், எந்தப் பின்விளைவுக்கும் நிர்வாகம் பொறுப்பாகாது என்ற வாசகம் மட்டும் அடியில் பொடி எழுத்தில், அம்மாவால் படிக்க முடியாத ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருந்தது.

வெள்ளைக் கோட்டு அணிந்த ஒருவர் காலைப் பார்த்துவிட்டு, “நிணநீர் தேங்கி நச்சு சேர்ந்திருக்கும்மா, அதை இறக்கிவிட்டால் மொத்த உடம்பும் சுத்தமாகிவிடும், சர்க்கரையும் குறையும்” என்று சொல்லியிருக்கிறார். நிணநீர் வடிப்பு (திசுக்களில் தேங்கும் நீரை வடியவைக்கும் மசாஜ்), டீப் டிஷ்யூ மசாஜ் (தசையை ஆழ அழுத்துவது), கப்பிங் (கிண்ணங்களைத் தோலில் கவிழ்த்து உறிஞ்சவைப்பது) மூன்றும் சேர்ந்த பேக்கேஜுக்கு 28,000 ரூபாய். முழுத் தொகையையும் அன்றே கட்டினால்தான் அந்த விலை என்று அவசரப்படுத்தி வாங்கியிருக்கிறார்கள். ரசீது என்று கொடுத்தது ஜிஎஸ்டி எண் கூட இல்லாத ஒரு துண்டுச் சீட்டு.

பிறகு நடந்ததுதான் என்னை இதை எழுதவைத்தது. வீங்கிய ஆடுதசையின் மீது முழங்கையை ஊன்றி, கணுக்காலிலிருந்து மேல்நோக்கித் தேய்த்திருக்கிறார்கள். அம்மா வலி தாளாமல் அழுதபோது, “வலித்தால்தான் அடைப்பு உடைகிறது என்று அர்த்தம், பொறுத்துக்கோங்கம்மா” என்று பதில் வந்திருக்கிறது. நிணநீர் வடிப்பு என்ற பெயரில் அவர்கள் செய்தது நிணநீர் வடிப்பே அல்ல. டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடரும் அவர் மனைவி எஸ்ட்ரிட்டும் 1930களில் பிரான்சில் இருந்தபோது உருவாக்கிய அந்த முறை, தோலை மட்டும் மெல்ல இழுத்து விடுகிற அளவுக்கு மிக இலேசான அழுத்தத்தில் செய்யப்படுவது. தோலுக்குச் சற்றுக் கீழேயே மெல்லிய நிணநீர் நாளங்கள் ஓடுவதால் அதற்கு மேல் அழுத்தம் தேவைப்படுவதே இல்லை. புற்றுநோய் அறுவைக்குப் பிறகு கை வீங்கியவர்களுக்குப் பயிற்சி பெற்றவர்கள் இதை இன்றும் செய்கிறார்கள். காலில் ரத்தக்கட்டி இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே இதையும் செய்யக் கூடாது என்பது அந்தப் பயிற்சியின் அடிப்படைப் பாடம்.

கப்பிங் செய்த முதுகில் கருஞ்சிவப்பு வட்டங்கள் எழுந்தபோது, அது வெளியேறும் நச்சு என்று காட்டியிருக்கிறார்கள். உறிஞ்சும் விசையால் தோலடியில் உள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் உடைந்து கசிந்த ரத்தம்தான் அந்த நிறம். உடலின் கழிவைப் பிரித்து அகற்றுபவை கல்லீரலும் சிறுநீரகங்களும். எந்தக் கிண்ணமும் அந்த வேலையைச் செய்வதில்லை.

அடுத்த அமர்வு முடிந்து வீடு திரும்பிய அம்மாவுக்கு மாடிப்படி ஏறும்போது நெஞ்சு வலித்தது, மூச்சு முட்டியது. மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது, அவசரப் பிரிவு மருத்துவர் இரு கால்களையும் ஒப்பிட்டுப் பார்த்த உடனேயே, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். இடக்காலின் ஆழ்சிரையில் ரத்தக்கட்டி இருந்தது; சிடி ஸ்கேனில் நுரையீரலுக்குள்ளும் ரத்தக்கட்டி தெரிந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில், ரத்தம் மேலும் உறையாமலிருக்க ஹெப்பாரின் ஊசி போட்டார்கள். அதன் பிறகு ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரையைத் தொடரச் சொன்னார்கள். மசாஜினால்தான் கட்டி நகர்ந்ததா என்று கேட்டதற்கு, தானாகவும் நகர்ந்திருக்கலாம் என்பதால் உறுதியாகச் சொல்ல முடியாது என்று அந்த மருத்துவர் நேர்மையாகவே பதில் சொன்னார். ஆனால், நெடுநாள் படுக்கையில் இருந்தவருக்கு ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால், ஸ்கேன் பார்க்காமல் அந்தக் காலை யாரும் அழுத்தித் தேய்க்கவே கூடாது என்பதில் அவருக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

அம்மா மருத்துவமனையில் இருந்தபோதே மையத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். நச்சு வெளியேறும்போது சிலருக்கு மூச்சு முட்டுவது இயல்பு, மீதி அமர்வுகளையும் முடித்தால் சரியாகிவிடும் என்றார்கள். பணத்தைத் திருப்பித் தரமாட்டோம், வேண்டுமானால் வீட்டில் வேறு யாராவது அந்தப் பேக்கேஜைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். பணம் போனதை விட, உயிருக்கு ஆபத்தான ஓர் அறிகுறியைக் குணமாவதன் அடையாளம் என்று சொல்லி ஒரு நோயாளியை மருத்துவரிடமிருந்து விலக்கிவைக்கும் இந்தப் பேச்சையே நான் பெரிய குற்றமாகக் கருதுகிறேன். அதை நம்பி இன்னும் ஒரு நாள் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நெஞ்சு நடுங்குகிறது.

மசாஜ் என்பதே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. கழுத்து வலிக்கும் முதுகு வலிக்கும் அது தற்காலிக ஆறுதல் தரும். மனம் இளகும், தூக்கம் வரும். நம் சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று இதற்குத் தனி முறையே இருக்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது வகையாகப் பிரித்து, யாருக்கு எதைச் செய்வது என்று வகுத்திருக்கிறார்கள். தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியிலும் ஐந்தரை ஆண்டுப் பட்டப்படிப்பு முடித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். பிசியோதெரபி படித்தவர்கள் ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் கிடைக்கிறார்கள். அம்மா போன மையத்தில் வெள்ளைக் கோட்டு அணிந்திருந்தவரிடம் பின்னர் தகுதிச் சான்றைக் கேட்டபோது, வாரக் கடைசிகளில் முடித்த ஒரு குறுகிய காலப் பயிற்சியின் சான்றிதழைத்தான் காட்டினார்.

ஆகவே, தொடுவதற்கு முன் உடல்நல வரலாற்றைக் கேட்காத இடத்தில் படுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால் முதலில் மருத்துவரிடம் போங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் எலும்புத் தேய்மானம் உள்ளவர்களும் ஆழ அழுத்தும் மசாஜுக்கு முன் தம் மருத்துவரைக் கட்டாயம் கேட்க வேண்டும். கழுத்தைச் சட்டென்று திருகிச் சொடுக்கு எடுக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். அரிதாக என்றாலும், அதனால் கழுத்துத் தமனி கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. சர்க்கரை நோயையும் பக்கவாதத்தையும் குணப்படுத்துவதாக மருந்தை விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தோம். மையம் பதிலளிக்காததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் சென்றோம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வழக்கறிஞர் இல்லாமலே புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். துண்டுச் சீட்டு, கூகுள் பே பதிவு, படிவத்தின் படம், வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பிய விளம்பரங்கள், டாப்ளர் அறிக்கை ஆகிய அனைத்தையும் இணைத்திருக்கிறோம். இத்தகைய மையங்களில் ஏற்கெனவே பணம் கட்டியிருப்பவர்கள் கைபேசியில் உள்ள எதையும் அழித்துவிடாமல் இப்போதே பிரதி எடுத்து வையுங்கள்.