முயல் நிற மரபணுப் பரிசோதனை: எந்த எழுத்துக்குக் காசு கொடுக்கலாம்?

கறுப்பு முயலைப் பார்த்தால் அது கறுப்பு என்று தெரியும். சாக்லேட்டையோ நீலத்தையோ (வெளிறிய கறுப்பு, அதாவது நீலச் சாம்பல்) மறைத்து வைத்திருக்கிறதா என்பது தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தப் பரிசோதனை. வழக்கமான தொகுப்பு ஐந்து மரபணு இடங்களைப் பார்க்கிறது: ஏ (ரோமத்தில் பட்டை உண்டா), பி (கறுப்பா சாக்லேட்டா), சி (நிறம் எவ்வளவு), டி (அடர்நிறமா வெளிறியதா), இ (கறுப்பு எவ்வளவு பரவும்). ஐந்தும் ஒரே விலைக்குத் தகுந்தவை அல்ல.

முழு விலையும் தகுவது சி இடத்துக்கு. முழு நிறம், சின்சில்லா, சேபிள் (உடல் பழுப்பு, ஓரங்கள் கருமை), ஹிமாலயன் (உடல் வெள்ளை, மூக்கும் காதும் கருமை), வெள்ளை என்று இங்கே ஐந்து வடிவங்கள் வரிசையாக ஒன்றையொன்று அடக்குகின்றன. சின்சில்லா வடிவம் மஞ்சள் நிறமியைத்தான் அழிக்கும். கறுப்பைப் பெரிதாகத் தொடாது. அதனால் ரோமத்தில் பட்டை இல்லாத ஒரு முயல் இதைச் சுமந்தால் சாதாரணக் கறுப்பாகவே தெரியும். கண்ணின் சாம்பல் சாயலை வைத்து ஊகிக்கலாம், உறுதி சொல்ல முடியாது. ஹிமாலயன் வகை இன்னும் ஏமாற்றும். அதன் நொதி குளிர்ந்த இடத்தில்தான் வேலை செய்யும் என்பதால் வெயில் காலத்தில் மூக்கும் காதும் வெளிறிவிடும். அப்போது கண் தரும் விடையைவிட அறிக்கை தரும் விடையே மேல். ஆனால் பணம் கட்டும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: சேபிள் வடிவத்தையும் தனியாகப் பிரித்துச் சொல்வார்களா? இல்லையென்றால் சேபிள் வளர்ப்பவருக்கு அந்த அறிக்கை உதவாது.

டி இடத்தில் கவனம் தேவை. நீல நிறத்துக்குக் காரணமாக மெலனோஃபிலின் மரபணுவில் ஒன்றுக்கு மேற்பட்ட பிறழ்வுகள் அறியப்பட்டுள்ளன. ஒன்றை மட்டும் பார்க்கும் ஆய்வகம், கண் முன்னே நீலமாக நிற்கும் முயலுக்கும் ‘நீலம் இல்லை’ என்று எழுதக்கூடும். எந்தெந்தப் பிறழ்வைப் பார்க்கிறார்கள் என்று கேட்காமல் இதற்குக் காசு கொடுக்க வேண்டாம்.

நியூசிலாந்து வெள்ளைக்குச் சி சோதனை வீண். சிவந்த கண்ணே சான்று. மற்ற நான்கும் அந்த வெள்ளைக்கு அடியில் மறைந்திருப்பதால் அவற்றைப் பார்க்கலாம். அவசரம் இல்லையென்றால் ஒரு லைலக் (வெளிறிய சாக்லேட் நிற) முயலோடு சேருங்கள். லைலக்கில் ஏ, பி, டி மூன்றுமே ஒடுங்கு வடிவில் (இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும் வடிவம்) இருப்பதால் குட்டிகளின் நிறமே விடை சொல்லிவிடும். சினை 31 நாள், நிறம் தெளிய இன்னும் பத்து நாள். ஒடுங்கு மரபணு ஒன்றை மறைத்திருக்கும் வெள்ளை முயல், ஏழு வண்ணக் குட்டிகளிலும் அதைக் காட்டாமல் தப்ப 128-இல் 1 வாய்ப்புதான். லைலக்கே வெள்ளையைச் சுமந்தால் குட்டிகளில் பாதி வெள்ளையாகிவிடும், கணக்குக்கு உதவாது.

அறிக்கை வந்தபின் அதைப் பயன்படுத்தும் விதம்: இரண்டு காட்டு நிற (ரோமத்தில் பட்டை உள்ள) முயல்கள், இரண்டுமே கறுப்பையும் நீலத்தையும் மறைத்திருந்தால், 16 குட்டிக்குச் சராசரியாக 9 காட்டு நிறம், 3 ஓபல் (வெளிறிய காட்டு நிறம்), 3 கறுப்பு, 1 நீலம். எட்டுக் குட்டி ஈற்றில் ஒரு நீலம்கூட வராமல் போவது இயல்பு. அதற்காக ஆய்வகத்தைக் குறை சொல்லக்கூடாது.

மாதிரி எடுப்பதில்தான் பலருக்கும் பணம் போகிறது. ரோமத்தை வெட்டாமல் வேரோடு பிடுங்க வேண்டும், 20 முதல் 30 இழைகள். கூண்டில் உதிர்ந்த ரோமத்தில் வேர்த்திசு இருக்காது. கன்னத்தில் பஞ்சுக்குச்சி தேய்ப்பதென்றால் ஒரு மணி நேரம் முன்பே தீனியை எடுத்துவிடுங்கள். குச்சியைக் காற்றில் உலர்த்திக் காகித உறையில் போடுங்கள், பிளாஸ்டிக்கில் பூஞ்சை பிடிக்கும். பால் குடிக்கும் குட்டியின் வாயில் தாயின் செல்கள் கலந்திருக்கும். பால் மறந்தபின் எடுங்கள்.

இந்த ஐந்து எழுத்தில் இல்லாதவையும் உண்டு. சிவப்பு எவ்வளவு ஆழமாக வரும் என்பதைப் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன, அறிக்கை அதைத் தொடாது. நீலக்கண் வெள்ளைக்கான வியன்னா மரபணுவும் தொகுப்பில் இருக்கிறதா என்று பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளை உடலில் நிறப் புள்ளிகள் தரும் இங்கிலிஷ் புள்ளி மரபணுவுக்குச் சோதனையே வேண்டாம். இரண்டு புள்ளி முயல்களைச் சேர்த்தால் நான்கில் ஒரு குட்டி, மீசை அளவுக்கே நிறம் கொண்டு பிறக்கும். அவற்றுக்குப் பெருங்குடல் வீங்கிச் செயலிழக்கும் நோய் வரக்கூடும். புள்ளி முயலைப் புள்ளி இல்லாத முயலோடு மட்டும் சேருங்கள்.

சின்சில்லா, சேபிள், ஹிமாலயன் வளர்ப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். கறியை நம்பி வெள்ளை முயல் வளர்க்கும் பண்ணைக்கு இது தேவையில்லை.