மலையில் கிளவுட்: ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் அனுபவம்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கையும் கம்ப்யூட்டர்களையும் பார்த்துக்கொள்கிறேன். சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூளாக்கி, குன்னூர் ஏலத்துக்கு அனுப்புகிறோம். எங்கள் கணக்கு கிளவுடுக்கு, அதாவது நெட் வழியாக வாடகைக்கு எடுக்கும் வெளியூர் கம்ப்யூட்டர்களுக்கு, போய்ச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. மாறலாமா என்று கேட்கும் மலைக்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தாராளமாக மாறுங்கள், ஆனால் இலை எடை போடும் வேலையை மட்டும் நெட்டை நம்பி விடாதீர்கள்.

முன்பு ஆபீஸ் அறையிலேயே, கணக்கெல்லாம் வைத்திருக்கும் பொதுக் கம்ப்யூட்டராக ஒரு சர்வர் இருந்தது. ஜூன் பிறந்தால் சுவரெல்லாம் ஓதம். துணி பீரோவுக்குள் பல்பு எரியவிடுவது போலவே பேக்கப் ஹார்டு டிஸ்க் வைத்த அலமாரியிலும் பல்பு எரியும். சர்வரைத் திறந்தால் உள்ளே பச்சை பூத்திருக்கும். கற்பூர மரம் சாய்ந்து மின்கம்பி அறுந்தால் யூபிஎஸ் தாங்கும் வரைதான் கணக்கு. இந்தத் தொல்லை ஒழிந்ததற்கே கிளவுடுக்குக் கொடுக்கிற காசு தகும்.

கிளவுட் சேவைகளை மூன்று வகையாகச் சொல்வார்கள். மூன்றையுமே நாங்கள் பயன்படுத்துகிறோம். முதலாவது, மென்பொருளை அப்படியே வாடகைக்கு எடுப்பது. மெயிலும் ஜிஎஸ்டி கணக்கும் இப்படித்தான் ஓடுகின்றன. சோஹோ புக்ஸ் மாதிரி ஒன்றில் சந்தா கட்டினால் போதும், பராமரிப்பு முழுக்க அவர்கள் பொறுப்பு. இரண்டாவது, வெறும் மெஷினை, அதாவது மென்பொருள் இல்லாத கம்ப்யூட்டரை, வாடகைக்கு எடுப்பது. அமேசான் 2006-ல் ஈசி2 என்று தொடங்கியது இந்த வகை. எங்கள் இலைக் கணக்கு மென்பொருள் எங்களுக்கென்றே எழுதியது, அதனால் அது இப்படி ஒரு மெஷினில் இருக்கிறது. அப்டேட், வெளியாள் நுழையாமல் தடுக்கும் ஃபயர்வால், பாஸ்வேர்டு எல்லாம் நம் தலையில். மூன்றாவது இரண்டுக்கும் நடுவில்: மெஷினை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நாம் மென்பொருளையும் டேட்டாவையும் பார்த்துக்கொண்டால் போதும். பதிவுகள் சேரும் டேட்டாபேஸை மட்டும் இந்த வகைக்கு மாற்றினோம். மாதம் கொஞ்சம் கூட ஆகிறது, ஆனால் தினசரி பேக்கப் தானாக எடுக்கப்படுகிறது. கணக்குப் பார்க்க ஒரே ஆள் இருக்கிற இடத்தில் இந்தக் கூடுதல் செலவு நியாயமானது.

எங்கே, யாருடன் வைப்பது என்பது அடுத்த கேள்வி. தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பு 2011-ல் வெளியிட்ட வரையறையில் நான்கு வழிகள் உண்டு. எல்லாரும் பகிரும் பொது கிளவுட், ஒரே நிறுவனத்துக்கான தனி கிளவுட், ஒரே தேவையுள்ள பலர் சேர்ந்து வைப்பது, பிறகு இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டதை இணைக்கும் கலப்பு. தனி கிளவுட் எங்கள் அளவுக்குக் கட்டுப்படியாகாது. சேர்ந்து வைப்பது இன்ட்கோசர்வ் மாதிரி பல கூட்டுறவுத் தொழிற்சாலைகளை இணைக்கும் அமைப்புக்குப் பொருந்தலாம். நாங்கள் இருப்பது பொது கிளவுடில்தான், ஆனால் இலைப் பதிவு முதலில் கையில் உள்ள டேப்லெட்டில் ஏறி, பிறகுதான் அங்கே போகும்.

விவசாயிகளிடம் இலை வாங்கும் மையத்தில் சாயங்காலம் பாருங்கள். பனி மூடியிருக்கும், சிக்னல் ஒரு கோடு காட்டும், அதுவும் போகும். பிளாஸ்டிக் உறை போட்ட டேப்லெட்டில் எடையும், இலை ஈரத்துக்காகக் கழிக்கும் ஈரக்கழிவும் ஏறும், சின்ன பிரிண்டரில் சீட்டு வரும். "ஏறிடுச்சா தம்பி?" என்று கேட்டுவிட்டுத்தான் இலை கொண்டுவந்த பாட்டி சீட்டை மடித்து இடுப்பில் செருகுவார். பதிவு அப்போது டேப்லெட்டுக்குள்ளேயே பத்திரமாக இருக்கும். சிக்னல் வந்ததும் கிளவுடுக்குப் போகும். ஒவ்வொரு பதிவுக்கும் டேப்லெட்டே ஒரு தனி எண் கொடுத்துவிடுவதால், லைன் பாதியில் அறுந்து அதே பதிவு மறுபடி போனாலும் கணக்கில் ஒரு முறைதான் ஏறும். மென்பொருள் எழுதித் தருபவரிடம் நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டியது இது. ஒரு சீட்டு தொலைந்தால் அது ஒரு குடும்பத்தின் கூலி.

நெட் விஷயத்தில் மலை மலைதான். 2009 நவம்பர் மண்சரிவையும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் கொட்டியதையும் இங்கே யாரும் மறக்கவில்லை. ரோடு சரிந்தால் ஓரத்தில் புதைத்த கேபிளும் சேர்ந்தே போகும். அமேசான் ஒரு தனி மெஷின் 99.5 சதவீத நேரம் ஓடும் என்று உறுதி தருகிறது, அதாவது மாதத்தில் மூன்றரை மணி நேரம் வரை நிற்கலாம். எங்களுக்கு அதைவிட அதிக நேரம் போனது கேபிளால்தான். ஃபைபரோடு வேறு கம்பெனி சிம் ஒன்றையும் வைத்திருக்கிறோம். இரண்டும் ஒரே மலைப்பாதை வழியாக ஏறுகின்றனவா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

மெஷின் இருக்கும் ஊரையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். அமேசானுக்கு மும்பையில் 2016 முதலும் ஹைதராபாத்தில் 2022 முதலும் மையம் உண்டு. மைக்ரோசாஃப்டுக்குச் சென்னையிலேயே 2015 முதல் இருக்கிறது. நாங்கள் மும்பையில் ஓட்டி, பேக்கப் நகலை ஹைதராபாத்தில் வைக்கிறோம். ஹைதராபாத் தானாகத் திறந்திருக்காது, அக்கவுண்டுக்குள் போய் நாம்தான் இயக்க வேண்டும்.

பில்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விலைப்பட்டியல் டாலரில், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. மெஷினை நிறுத்தி வைத்தாலும் டிஸ்க்குக்கு வாடகை ஓடும். 2024 பிப்ரவரி முதல் அமேசானில் பொது ஐபி முகவரிக்கே, அதாவது மெஷினை நெட்டில் அடையாளம் காட்டும் எண்ணுக்கே, மணிக்கு அரை சென்ட், மாதம் மூன்றரை டாலர் சொச்சம். செலவு வரம்பை எட்டினால் எச்சரிக்கும் பட்ஜெட் அலெர்ட்டை முதல் நாளே போட்டுவிடுங்கள். நல்லது என்னவென்றால், இலை குவியும் மாதங்களில் மெஷினைப் பெரிதாக்கி, ஜனவரி உறைபனியில் கொழுந்து கருகி வரத்து குறைந்ததும் சின்னதாக்கிவிடலாம். சொந்த சர்வரில் இது நடக்காது.

ஒரு கசப்பும் உண்டு. முதலில் அமைத்துக் கொடுத்த நிறுவனம் தலைமை அக்கவுண்டைத் தங்கள் மெயில் முகவரியிலேயே தொடங்கிவிட்டது. நாங்கள் விலக நினைத்தபோது அதை மீட்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. யார் அமைத்தாலும் சரி, அந்த அக்கவுண்ட் உங்கள் மெயிலில், உங்கள் போன் எண்ணில் இருக்கட்டும்.

இரண்டு அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துபவர்களுக்கு இவ்வளவும் தேவைப்படாது. முன்பதிவும் கணக்கும் சந்தா மென்பொருளிலேயே முடிந்துவிடும். சொந்த மென்பொருள் வைத்திருப்பவர்கள், பேக்கப்பை அவ்வப்போது ஒரு புது மெஷினில் திறந்து, கையில் உள்ள பத்துச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாங்கள் ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னாலும் அதைச் செய்கிறோம்.