கீமோவுக்கு முன் கிடைத்த இரண்டு வாரம்: சென்னையில் கருமுட்டை சேமித்த அனுபவம்

சிங்கப்பூரிலிருந்து ஒரு கல்யாணத்துக்காகத்தான் சென்னைக்குப் போனேன். ஆனால் விடுமுறையின் பெரும்பகுதி ஆஸ்பத்திரிகளில் கழிந்தது. சித்தி மகளுக்கு மார்பகப் புற்றுநோய் என்று பயாப்ஸி முடிவு வந்திருந்தது. முப்பதைத் தாண்டிய வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. "பேர் போடாம எழுதுங்கக்கா, யாருக்காவது உதவும்" என்று அவளே சொன்னதால் எழுதுகிறேன். ஊரில் யாருக்காவது இப்படி வரும்போது, வெளிநாட்டில் இருக்கும் நம்மிடம்தான் ராத்திரி போன் போட்டு என்ன செய்யலாம் என்று கேட்கிறார்கள்.

கீமோ மருந்துகளில் சில, முக்கியமாக சைக்ளோபாஸ்பமைடு, சினைப்பையில் இருக்கும் முட்டைகளை அழித்துவிடும். சிகிச்சைக்குப் பிறகு மாதவிலக்கு திரும்பினாலும் முட்டை இருப்பு குறைந்துபோயிருக்கும். எனவே முட்டையை எடுத்து உறைய வைப்பதென்றால் முதல் கீமோ ஏறுவதற்குள் செய்தாக வேண்டும். நாங்கள் போன புற்றுநோய் மருத்துவமனையில் கட்டியின் அளவு, எத்தனை சுற்று, முடி கொட்டுவது, என்ன சாப்பிடலாம் என்று எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார்கள். முட்டை சேமிப்புப் பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை. நான் கேட்டதும் டாக்டர், "தாராளமா செய்யலாம். ரெண்டு வாரம் தர்றேன், அதுக்கு மேல தள்ள முடியாது" என்றார். அவ்வளவு எளிதாக அனுமதி கிடைக்கிற ஒரு விஷயத்தை நோயாளி கேட்டால்தான் சொல்வது என்றால், கேட்கத் தெரியாத பெண்கள் என்ன ஆவார்கள்? எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

வீட்டிலும் எளிதாக இல்லை. "முதல்ல புள்ள உயிரோட எந்திரிச்சு வரட்டும்" என்று சித்தி அழுதார். ஹார்மோன் ஊசி போட்டால் நோய் கூடிவிடுமோ, கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு உள்ளே ஸ்கேன் எடுப்பார்களோ என்ற பயமும் இருந்தது. கடைசியில் சித்தப்பாதான் "அவ என்ன நெனைக்கிறான்னு யாராவது கேட்டீங்களா?" என்றார். அவள் வேண்டும் என்றாள்.

சென்னையில் கருத்தரிப்பு மையங்களுக்குக் குறைவே இல்லை. தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1990இல் இந்த ஊரில்தான், டாக்டர் கமலா செல்வராஜின் மருத்துவமனையில் பிறந்தது. அந்தக் காலத்தில் சொந்தக்காரர்களுக்குக்கூடத் தெரியாமல் போய்வந்தார்கள். இப்போது மெயின் ரோடுகளில் பெரிய பெரிய விளம்பரப் பலகைகள். அவற்றைப் பார்த்து நாங்கள் முடிவு செய்யவில்லை. போன் செய்து இரண்டே கேள்வி கேட்டோம்: புற்றுநோய் நோயாளிக்கு இதற்கு முன் செய்திருக்கிறீர்களா? முட்டையை உறைய வைக்கும் எம்பிரியாலஜிஸ்ட் உங்களிடமே முழுநேரம் இருக்கிறாரா? சில இடங்களில் பதில் சொல்வதற்குள் பேக்கேஜ் விலைக்குப் போய்விட்டார்கள். நுங்கம்பாக்கம் பக்கத்தில் ஓர் இடத்தில் மறுநாள் காலையே வரச் சொன்னார்கள்.

அந்த டாக்டரை நான் மறக்க மாட்டேன். எங்களை வெளியே உட்கார வைத்துவிட்டு அவளிடம் தனியாகப் பேசினார். ஸ்கேனை வயிற்றின் மேலிருந்தே எடுக்கலாம், முட்டை எடுப்பது மட்டும் வழக்கமாகப் பிறப்புறுப்பு வழியாக, மயக்க மருந்து கொடுத்துச் செய்வது என்று மறைக்காமல் சொல்லி அவள் சம்மதத்தைக் கேட்டிருக்கிறார். அவளுடையது ஹார்மோனால் வளரும் வகைக் கட்டி. அதனால் முட்டைகளை வளரவைக்கும் ஹார்மோன் ஊசிகளோடு லெட்ரோசோல் மாத்திரையும் கொடுத்தார்கள். உடம்பில் ஈஸ்ட்ரோஜன் ஏறாமல் அது பிடித்து வைக்கும். முன்பெல்லாம் மாதவிலக்கு வரும்வரை காத்திருந்து ஆரம்பிப்பார்களாம். இப்போது மாதத்தின் எந்த நாளிலும் தொடங்கலாம் என்பதால்தான் அந்த இரண்டு வாரத்துக்குள் முடிக்க முடிந்தது. ஊசியை வயிற்றில் தானே போட்டுக்கொள்ள நர்ஸ் கற்றுக் கொடுத்தார். கடைசி ஊசி போட்டு ஏறக்குறைய 36 மணி நேரத்தில் முட்டை எடுத்தார்கள். அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டோம்.

முட்டை பெரிய செல், உள்ளே தண்ணீர் அதிகம். பழைய முறையில் மெதுவாக உறைய வைத்தபோது பனிப்படிகம் உருவாகி முட்டையைச் சிதைத்தது. இப்போதைய விட்ரிஃபிகேஷன் முறையில் நொடிப்பொழுதில் குளிர வைப்பதால் படிகமே உருவாகாது. பிறகு மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைக்கிறார்கள். அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2012இல்தான் முட்டை உறைய வைப்பதைப் பரிசோதனை முயற்சி என்ற பட்டியலிலிருந்து எடுத்தது. உறைய வைத்த முட்டை எல்லாம் குழந்தையாகிவிடாது, எடுக்கும்போது இருக்கும் வயதைப் பொறுத்தது என்பதையும் அந்த எம்பிரியாலஜிஸ்ட் நேராகவே சொன்னார்.

அலைச்சல்தான் பெரிது. புற்றுநோய் மருத்துவமனையும் கருத்தரிப்பு மையமும் ஒருவரோடு ஒருவர் பேசவே இல்லை. இவர்களுக்கு அங்கிருந்து அனுமதிக் கடிதம் வேண்டும், அவர்களுக்கு இங்கிருந்து தேதி வேண்டும். மெட்ரோ வேலைக்காக மாற்றிவிட்ட சாலைகளில் ஆட்டோவில் ஃபைலோடு நான்தான் போய்வந்தேன். கூட ஆள் இல்லாத நோயாளியால் இது முடியாது. காசைப் பொறுத்தவரை, மருந்து, ஊசி, ஆண்டுதோறும் சேமிப்புக் கட்டணம் எல்லாம் பேக்கேஜுக்கு வெளியே வரும். மலட்டுத்தன்மை சிகிச்சை என்ற பிரிவில் போட்டு இன்சூரன்ஸும் கைவிரித்துவிட்டது. தனியாரில் முடியாதவர்கள் எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையின் கருத்தரிப்பு மையத்தில் விசாரிக்கலாம்.

கையெழுத்துப் போடுமுன் சட்டத்தைப் படித்தேன். கருத்தரிப்புச் சிகிச்சைகளுக்கான இந்தியாவின் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயதுக்கு மேல் 50க்குள் இருக்கும் பெண், கல்யாணம் ஆகாவிட்டாலும் இந்தச் சிகிச்சையைப் பெறலாம். சிங்கப்பூரில் 2023 ஜூலையிலிருந்து 37 வயதுவரை மருத்துவக் காரணம் இல்லாமலும் முட்டை சேமிக்கலாம். ஆனால் பயன்படுத்தத் திருமணம் ஆகியிருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் இந்தியச் சட்டம் தாராளமானது. கருவையும் கொடையாளர் தந்த முட்டை, விந்தணுவையும் 10 ஆண்டுக்கு மேல் வைக்கக் கூடாது என்கிறது அதே இந்தியச் சட்டம். சொந்த முட்டைக்கு ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு போட்டிருக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏனென்றால் ஹார்மோனால் வளரும் மார்பகப் புற்றுநோய்க்குப் பின், அந்த ஹார்மோனைத் தடுக்கும் தமொக்சிஃபென் மாத்திரையே 5 முதல் 10 ஆண்டுவரை போகும். 2023இல் வெளியான 'பாசிட்டிவ்' (POSITIVE) என்ற பெயருள்ள ஆய்வில், 18 முதல் 30 மாதம் மாத்திரை எடுத்தபின் கர்ப்பத்துக்காகத் தற்காலிகமாக நிறுத்திய பெண்களுக்கு, குறுகிய காலத்தில் நோய் திரும்புவது கூடவில்லை. நீண்ட காலக் கண்காணிப்பு நடக்கிறது. இவளுக்கு அது பொருந்துமா என்று பிறகு அவளுடைய டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் இன்னொன்றையும் யோசியுங்கள். சென்னையில் செலவு குறைவு என்று முட்டையை இங்கே சேமித்துவிட்டுப் பிறகு தன் நாட்டுக்குக் கொண்டுபோக நினைத்தால், சொந்த உபயோகத்துக்கு என்றாலும் அந்த 2021 சட்டம் சொல்லும் தேசிய வாரியத்தின் அனுமதி வேண்டும்.

ஆண்களுக்கு இத்தனை சிரமம் இல்லை. கீமோவுக்கு முன் விந்தணுவைச் சேமிப்பது ஒன்றிரண்டு நாள் வேலை, ஊசி கிடையாது, செலவும் மிகக் குறைவு. நிணநீர்ப் புற்றுநோயும் விதைப்பைப் புற்றுநோயும் இளம் வயதிலும் வரக்கூடியவை. உங்கள் வீட்டுப் பையனுக்கு அப்படி வந்தால் தயவுசெய்து கூச்சப்படாமல் முதல் நாளே டாக்டரிடம் கேளுங்கள்.

தங்கச்சிக்குக் கீமோ குறித்த நாளில் ஆரம்பித்தது. சேமிப்பை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்பதால், ஒப்பந்தத்தில் அவள் எண்ணோடு சித்தப்பா எண்ணையும் என் எண்ணையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம்.