பன்னிரண்டாம் வகுப்புக்கு குரூப் போட்டோ எடுத்த ஸ்டூடியோ: ஒரு வகுப்பாசிரியையின் அனுபவம்

எங்கள் ஊர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் ஸ்டூடியோவில்தான் இந்த வருடம் குரூப் போட்டோ எடுத்தோம். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் இரண்டு மூன்று பேர் எப்படி இருந்தது, எவ்வளவு ஆனது என்று கேட்டுவிட்டார்கள், அதனால் விவரமாகவே எழுதுகிறேன். நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். வகுப்பில் மொத்தம் 43 பிள்ளைகள்.

முதலில் விலை. 12க்கு 8 அங்குலம், மேட் பேப்பர், கெட்டி அட்டையில் ஒட்டி, கீழே எல்லார் பெயரும் போட்டு ஒரு பிரதி 140 ரூபாய். பளபளப்புப் பேப்பர் என்றால் பத்து ரூபாய் குறைவு, ஆனால் டியூப் லைட் பட்டால் முகமே தெரியாது, கை ரேகையும் பதியும். மேட் கேளுங்கள்.

படம் எடுத்த விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. பிள்ளைகள் வேப்பமரத்தடியில்தான் நிற்போம் என்று அடம்பிடித்தார்கள். ஸ்டூடியோ அண்ணன் மறுப்பு ஒன்றும் சொல்லாமல் அங்கேயே ஒரு படம் எடுத்துக் கேமராவில் காட்டினார். இலை இடுக்கில் விழுந்த வெயில் பாதிப் பேர் முகத்தில் திட்டுத் திட்டாக இருந்தது. அப்புறம் அவர்களே கட்டடத்தின் நிழல் பக்கம் போய் நின்றுகொண்டார்கள். யாராவது ஒருவர் கண் மூடியிருப்பார் என்று ஏழெட்டுப் படம் எடுத்தார்.

அன்றைக்கு ஒரு பையன் வரவில்லை. பாட்டி இறந்து ஊருக்குப் போயிருந்தான். அவனைத் தனியாகப் படம் எடுத்து அனுப்பினால் ஓரத்தில் சேர்த்துவிடலாம் என்று உதவிக்கு வந்திருந்த தம்பி சொன்னார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஏழு வருடம் ஒரே பள்ளியில் படித்தவன், எங்கேயோ வெட்டி ஒட்டின மாதிரி ஓரத்தில் நிற்பதா? அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அவன் வந்ததும் போன் போடுங்க டீச்சர், திரும்ப எடுத்துக்கலாம்" என்றார். அடுத்த செவ்வாய்க்கிழமை வந்து 43 பேரையும் மறுபடி நிறுத்தி எடுத்தார், வண்டிச் செலவுகூட வாங்கவில்லை. இந்த ஒன்றுக்காகவே அடுத்த வருடமும் அவரிடம்தான் போவேன்.

குறையும் உண்டு. முதல் மாதிரிப் படத்தில் பெயர்கள் பதினொரு இடத்தில் தப்பு. ஒரு பெண்ணின் பெயரில் 'விழி' என்பது 'விளி' ஆகிவிட்டது, இரண்டு பேருக்குத் தலைப்பெழுத்தே மாறிவிட்டது. நான் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய பட்டியலை அவர்களுடைய பழைய போட்டோஷாப்பில் ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறிவிடுகிறதாம், அதனால் எல்லாவற்றையும் கையால் திரும்ப டைப் செய்திருக்கிறார்கள். அங்கேதான் பிழை நுழைந்தது. மறுநாளே திருத்திக் கொடுத்தார்கள், சரி, ஆனால் பட்டியலைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்து, அச்சுக்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளையையும் தன் பெயரைத் தானே பார்க்கச் சொல்லுங்கள்.

அட்டையின் பின்பக்கத்துக்காகத்தான் நான் அவரை ரொம்பத் தொல்லை செய்தேன். வழக்கமாக அது வெறுமையாக இருக்கும், அல்லது கடை விளம்பரம் இருக்கும். நான் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்து அதை அச்சடித்து ஒட்டச் சொன்னேன், பிரதிக்குப் பத்து ரூபாய் கூடுதல். சில வருடங்களுக்கு முன் என் வகுப்பில் 600க்கு 512 எடுத்த ஒரு பெண் அந்த வருடம் கல்லூரியில் சேரவில்லை. சான்றிதழ் ஒன்று நேரத்துக்குக் கையில் இல்லை, யாரிடம் கேட்பது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. ஜூலையில் அவளை மில் வேனில் பார்த்தேன். பிரிவு விழாவில் நான் பேசினதெல்லாம் அவளுக்கு எதற்கு உதவியது என்று அன்று இரவு முழுக்க யோசித்தேன்.

அதனால் பின்பக்கத்தில் வாழ்த்து இரண்டே வரி. மற்றதெல்லாம் காரியம். சாதி, வருமான, முதல் பட்டதாரிச் சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பிக்க வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. பொறியியல் கட்ஆஃப் 200க்கு, கணிதம் 100, இயற்பியலும் வேதியியலும் தலா 50. கல்லூரியில் சேர்ந்தால் பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்ற அரசுத் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய். எந்தச் சந்தேகமானாலும் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. கடைசியில் என் நம்பர்.

எழுத்து கொஞ்சம் பொடியாக வந்துவிட்டது, வீட்டில் பெரியவர்கள் கண்ணாடி போட்டுத்தான் படிக்க வேண்டும். அடுத்த முறை வரிகளைக் குறைத்து எழுத்தைப் பெரிதாக்கச் சொல்ல வேண்டும். அட்டையின் மூலைகளில் பசை சரியாகப் பிடிக்காத பிரதிகளும் நாலைந்து இருந்தன, கேட்டதும் மாற்றித் தந்தார்.

எங்கள் வகுப்புப் பிள்ளைகளும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். ரிசல்ட் அன்று மார்க் எப்படி வந்தாலும் எனக்குப் போன் போடுங்கள். ஒரு பாடம் போய்விட்டால் அதற்கு அதே வருடம் துணைத் தேர்வு இருக்கிறது, பாஸ் செய்தால் அந்த வருடமே கல்லூரிக்குப் போகலாம், நான் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன். நல்ல மார்க் வந்தும் வீட்டில் வேண்டாம் என்றால் முதலில் என்னிடம் சொல்லுங்கள், நான் வந்து அப்பா அம்மாவிடம் பேசுகிறேன். மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்ததும் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி மூன்றையும் அங்கேயே நின்று பாருங்கள். போட்டோவில் வந்த 'விளி'யை அண்ணன் ஒரே நாளில் மாற்றினார், அதில் வந்தால் அவ்வளவு சுலபமாக மாறாது.

மூன்று பேருடைய போட்டோ இன்னும் என் பீரோவில் இருக்கிறது. பணம் கட்டியாகிவிட்டது, அதைப் பற்றி யோசிக்க வேண்டாம். டி.சி. வாங்க வரும்போது ஸ்டாஃப் ரூமுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.